ஒன்பது மணிவண்ணன்கள்

கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் மணவாளன் மூன்றே மூன்று தீர்மானங்கள்தான் எடுத்திருக்கிறார். முதல் இரண்டையும் மனைவி கொளஞ்சியம்மாள் அந்தந்த வாரமே தள்ளுபடி செய்துவிட்டாள். மூன்றாவது, 2007 ஆவணியில் எடுத்தது: மகள் மோகனப்பிரியாவை மனைவியின் அண்ணன் மகன் மணிவண்ணனுக்குக் கொடுப்பதில்லை.

பையன்மேல் ஒரு குற்றமும் கிடையாது. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். குடிப்பதில்லை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். அவன் பேச்சு வந்தால் மோகனப்பிரியா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறாள். குற்றமெல்லாம் அவனைப் பெற்ற சின்னதம்பியிடம்தான். வாரத்துக்கு இரண்டு தடவை செம்மண்டலத்தில் இருக்கும் மணவாளன் வீட்டுக்கு வந்து, ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், ரசத்தில் எத்தனை மிளகு போட வேண்டும் என்பது வரை முடிவு செய்துவிட்டுப் போகிறவர். மச்சானாக இருக்கும்போதே இந்தப் பாடு. சம்பந்தியும் ஆகிவிட்டால், அண்ணன் ஓட்டு, தங்கை ஓட்டு, மாப்பிள்ளை ஓட்டு எல்லாம் ஒரே பக்கம் விழும். மணவாளனுக்கு டெபாசிட் கூடத் தேறாது.

ஆனால் கொளஞ்சியின் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வராது. தனக்குக் கூச்ச சுபாவம் என்பார் அவர். அதனால் வேறு வழியாக வந்தார்.

"ஜாதகம் பாத்துடலாமே."

"பாக்கத்தான் போறோம். நெல்லிக்குப்பத்துல அண்ணனுக்குத் தெரிஞ்ச ஜோசியர் இருக்காரு."

"அவரு உங்கண்ணன் சொல்ற பொருத்தத்தத்தான் எழுதித் தருவாரு. கம்ப்யூட்டர்ல பாப்போம். அதுக்கு அண்ணனும் தெரியாது, தங்கச்சியும் தெரியாது."

"சரிங்க. ஞாயித்துக்கிழம அண்ணன் வராரு. அதுக்குள்ள பாத்து வைங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் "சரிங்க" சொன்னபோதே மணவாளன் சுதாரித்திருக்க வேண்டும். அவரோ மறுநாளே சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, கீழவீதிக் கடை ஒன்றில் ஜாதகப் பொருத்த சி.டி. வாங்கி வந்துவிட்டார். பெட்டியின் மேல் 'வீட்டுப் பதிப்பு' என்று அச்சடித்திருந்தது. உள்ளே, பெயரும் முகவரியும் போன் நம்பரும் எழுதி அனுப்பச் சொல்லி ஓர் அட்டை. முன்பின் தெரியாத கம்பெனிக்குத் தன் பெயரை எழுதுவானேன் என்று கூச்சம். "யாராவது எழுதிப் போடுங்க" என்று அதை டி.வி. மேல் வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மகள் வேலைக்குப் போனாள். மனைவி மார்க்கெட்டுக்குப் போனாள். மணவாளன் மகளுடைய கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து சி.டி.யைப் போட்டார். திரையில் ஏதோ பக்கம் பக்கமாக வந்தது. கீழே 'சம்மதம்' என்று ஒரு பட்டன். படிக்காமலே அழுத்தினார். சம்மதம் சொல்லிச் சொல்லிப் பழகிய கை.

மணிவண்ணனின் உண்மையான பிறந்த நேரத்தைக் கொடுத்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம். பத்து நிமிஷம் முன்னால் தள்ளினார். எட்டு. ஒரு மணி நேரம் தள்ளினார். அதே எட்டு. ஆறு மணி நேரம் தள்ளியும் எட்டு அசையவில்லை. ஒரு நாள் முன்னால் போனார், ஒன்பது ஆகிவிட்டது. இரண்டு நாள் முன்னால் ஏழு. ஒரு நாள் பின்னால் ஏழு. மூன்று நாள் முன்னால் ஆறு. கடைசியில் நாலு நாள் முன்னால் பிறக்கவைத்தார். நாலு. மணவாளன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த நாலை வைத்துக்கொண்டு மற்ற எட்டையும் அழித்துவிட வேண்டியதுதான். அங்கேதான் வினை. அழிக்கும் பட்டனைத் தேடினார், இல்லை. திருத்தும் பட்டன் இல்லை. சி.டி. போட்டதையே முழுசாக நீக்கிவிட்டு, மறுபடியும் போட்டுப் பார்த்தார். மணிவண்ணன் ஒன்று, மணிவண்ணன் இரண்டு என்று ஒன்பது பேரும், பிறந்த தேதி நேரத்தோடு, வரிசையாக வந்து நின்றார்கள்.

பெட்டியில் போட்டிருந்த எண்ணுக்கு போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"அதுல எழுதினத அழிக்கணும்மா."

"வீட்டுப் பதிப்புல அழிக்கற வசதி இல்ல சார். திருத்தறதும் பிரிண்ட் எடுக்கறதும் கூட இல்ல. பார்க்கலாம், அவ்வளவுதான்."

"ஏம்மா, கம்ப்யூட்டர் எங்க வீட்டுது. கரண்ட் எங்க வீட்டுது. சி.டி. நான் வாங்கினது. நான் எழுதினத நான் அழிக்கக் கூடாதா?"

"நீங்க அந்தப் புரோகிராமை வாங்கல சார். அதைப் பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கீங்க."

"இது எப்ப முடிவாச்சு?"

"நீங்க சம்மதம்னு அழுத்தினீங்களே சார், அப்ப."

மணவாளன் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் தொறந்து விட முடியாதாம்மா?"

"தாராளமா சார். பதிவு பண்ணினவங்க கேட்டா ஒரு நம்பர் தருவோம். உங்க பேரு?"

"மணவாளன்."

"இல்லையே சார். இந்த போன் நம்பர் போட்டு வந்த அட்டையில கொளஞ்சியம்மாள்னு இருக்கு."

"நான் அவுங்க வீட்டுக்காரர்தாம்மா."

"இருக்கட்டும் சார். ஆனா உரிமையெல்லாம் அவங்களுக்குத்தான்."

"அது எனக்குத் தெரியும்மா" என்றார் மணவாளன்.

"யாருகிட்ட பேசறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கொளஞ்சி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கூடையை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள்.

"அஞ்சாவது மணிவண்ணன், எங்க அண்ணிக்கு வலி எடுக்கறதுக்கு மொத நாளே பொறந்துட்டானா?"

மணவாளன் திரையை அணைக்கும் பட்டனைத் தேடினார்.

"ஒம்பதாவது பொறந்தன்னிக்கு அண்ணி ஒரு கல்யாண வீட்டுல பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தா. சாம்பார் வாளி நான்தான் தூக்கினேன். எனக்கே தெரியாம எப்பப் பெத்தா?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு கொளஞ்சி. நீ ஒரு வார்த்த சொன்னா அழிச்சிடுவாங்க."

"எங்கிட்ட குடுங்க." போனை வாங்கினாள். "நான்தாம்மா கொளஞ்சியம்மா. ஒண்ணும் அழிக்க வேணாம். அட்டையில போட்டிருந்தபடி பிரிண்ட் எடுக்கறத மட்டும் தொறந்து விடு."

அந்தப் பெண் நம்பர் சொல்ல, அதைக் கொளஞ்சி உரக்கத் திருப்பிச் சொன்னாள். அடிக்க வேண்டியவர் மணவாளன். பதினாறு இலக்கம்.

"நாலு. ஏழு. ஏழு. பூஜ்யம். போட்டீங்களா?"

"போட்டேன்."

ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலை எடைமேடையில் கரும்பு வண்டிக்கு எண் எழுதிய கை அது. மச்சான் மகனின் பிறந்த தேதியை மாற்றும். வாயால் சொன்ன எண்ணை மாற்றி எழுதாது. பதினாறும் சரியாக விழுந்தன. மகளின் பிரிண்டர் இருமிக்கொண்டே ஒன்பது தாளையும் தள்ளியது.

ஞாயிற்றுக்கிழமை சின்னதம்பி வந்து உட்கார்ந்ததும், ஒன்பதையும் கொளஞ்சி அவர் மடியில் வைத்தாள். கொல்லைக் கதவு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று மணவாளன் கணக்குப் போட்டார். பதினொன்று.

"அண்ணே, நம்ம மணிவண்ணனுக்கு இவரு ஒரு தடவ பாத்ததோட விடல. ஆஸ்பத்திரிக் கடியாரம் முன்ன பின்ன ஓடியிருந்தா என்ன ஆகும்னு, ஒம்பது தடவ பாத்திருக்காரு."

சின்னதம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "கடைசியில நாலுன்னு இருக்கே?"

"அது தப்பான தேதி. தேதி தப்பா இருந்தாத்தான் பொருத்தம் கொறையுதுன்னு நிரூபிச்சிருக்காரு. சரியான தேதிக்கு எட்டு. அப்படித்தானேங்க?"

தலையை இடவலமாக ஆட்டத்தான் மணவாளன் நினைத்தார். அது மேலும் கீழுமாக ஆடியது.

சின்னதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். "மச்சான், உங்களுக்கு இதுல இஷ்டம் இல்லைன்னு நெனச்சிருந்தேன். பெத்த அப்பன் நானே ஒரு தடவதான் பாத்தேன். இனிமே நான் சும்மா சும்மா வந்து தொந்தரவு பண்ண மாட்டேன்."

மணவாளனின் நெஞ்சு ஒரு நொடி குளிர்ந்தது.

"இங்கயே பக்கத்துத் தெருவுல வீடு பாத்துக்கிட்டு வந்துடறேன்."

முகூர்த்த நாளை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் கொளஞ்சியே குறித்தாள். ஐப்பசி பதினெட்டு. கம்ப்யூட்டரையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை.