வழியில் ஓர் இடம் இலவசம்

சித்தூர் ஜில்லாவில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று மனசார நம்பிய ஒரே மனிதர், அதே ஜில்லாவை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலையில் பதினோரு வருஷம் இருந்தார். பெயர் வேஸ்ட்டு. அம்மா அப்பா வைத்த பெயர் லைசென்ஸில் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் நான் அப்போது புக்கிங் கிளார்க். ஆறு கார், இரண்டு போன், ஒரு ஓனர். தினமும் நகரியிலிருந்து பஸ் பிடித்து வருவேன். போன் எடுப்பதும் வாட்ஸ்அப்பில் பதில் போடுவதும் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். உண்மையான வேலை பொய் சொல்வது. டிரைவர் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது "பக்கத்து சிக்னல்ல வந்துட்டார் மேடம்" என்பேன். ஆறு வருஷத்து வண்டியை "நியூ கார் சார்" என்பேன். "ஊர் விட்டு ஊர் போகத் தனிக் கார்! வழியில் அழகான ஓர் இடம், அரை மணி நேரம், இலவசம்!" என்ற விளம்பரம்கூட நான் எழுதியதுதான். அச்சில் வந்த என் முதல் எழுத்து அது. முதல் எழுத்தே பொய்.

அந்தப் பொய்யை ஒவ்வொரு நாளும் ரோட்டில் வைத்து உடைப்பதற்கென்றே வேஸ்ட்டு அண்ணன் பிறந்திருந்தார்.

சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். ஐம்பதைத் தாண்டிய வயசு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதில் இரண்டாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு ஊக்கு. வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைப்பார். அதில் ஏறுகிறவர்களிடம் உண்மையைத் தவிர வேறெதையும் பேச மாட்டார்.

"ஏசி நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டால், "சத்தம் நல்லா வரும். காத்துதான் வராது" என்பார்.

"டிரைவிங் எப்படி?"

"சுமார். ஆனா உயிரோட எறக்கி வுட்டுருவேன்."

ஒரு மே மாதம், ஹைதராபாத்திலிருந்து ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வந்தது. புத்தூர்ப் பக்கத்து அருவியைப் பார்த்துவிட்டுச் சென்னை போவதாகத் திட்டம். எங்கள் வெப்சைட்டில் அருவியின் படம் போட்டிருந்தோம். யானையையே அடித்துக்கொண்டு போகும் அளவுக்குத் தண்ணீர். இரண்டு கிலோமீட்டருக்கு முன்பாகவே அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார்.

"வேஸ்ட்டு சார். உங்க ஓட்டல் பாத்ரூம்ல இதைவிட ஜாஸ்தி வரும். ஷவரத் தொறந்து வுட்டு கீழ நில்லுங்க, அதே தான்."

"போட்டோவுல இவ்ளோ தண்ணி இருந்துச்சே?"

"அது கேரளா போட்டோ சார்."

குடும்பத் தலைவர் எனக்கு அங்கிருந்தே போன் போட்டார். அவர் தெலுங்கில் திட்டியதைத் தமிழில் சொன்னால் இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று சந்திரகிரிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றது. கோட்டை வாசலில் நிறுத்திவிட்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "தோத்துப் போன ராஜாங்க வந்து உக்காந்த எடம் இது. கல்யாணம் ஆயி மூணாம் நாளு இதையா பாக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை சிரித்திருக்கிறார். பெண் அழுதிருக்கிறாள். இருவரும் இறங்கவே இல்லை.

நாகலாபுரம் கோயிலுக்கு ஒரு கூட்டம் போனது. வருஷத்தில் சில நாள் சாயங்கால வெயில் மூலவர் மேல் விழும் என்று நான் போனிலேயே உருகி உருகிச் சொல்லியிருந்தேன். எந்த மாதம் என்பதை மட்டும் சொல்லவில்லை. போகிற வழியிலேயே அண்ணன் சொல்லிவிட்டார்: "வெயில் வுழறது பங்குனில. இப்போ ஐப்பசி. சாமியக் கும்புடணும்னா வாங்க, நல்ல சாமி. வெயிலுக்குன்னு வந்தா வேஸ்ட்டு."

ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒற்றை ஸ்டார் விழுந்தது. ஒருவர் மட்டும் ஐந்து ஸ்டார் கொடுத்து, "டிரைவர் மிக நேர்மையானவர். ஒன்றும் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தார். ஓனர் அதைப் படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏமய்யா, இவனைத் திட்டினாங்களா, புகழ்ந்தாங்களா?"

எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான். நான் வாயால் கட்டிய கோட்டையை ஒருவர் ஒரே வார்த்தையில் இடித்தால் யாருக்குத்தான் வராது? ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏண்ணா, சும்மா கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்தா என்ன? உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நீ போன்ல சொல்ற நைனா. கட் பண்ணிட்டா முடிஞ்சிபோச்சி. நான் அவங்க மூஞ்சியப் பாத்துக்கினு வண்டி ஓட்டணும். கண்ணாடில பின்னாடி எல்லாம் தெரியுது."

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். பல கல்யாணப் பந்திகளில் சொல்லிச் சிரிக்க வைத்தும் இருக்கிறேன். இதற்குமேல் உள்ளதை எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

பெங்களூருக்குப் போக ஓர் அம்மாவும் மகளும் கார் கேட்டார்கள். மகளுக்கு அன்றைக்குக் கல்லூரி அட்மிஷன் கவுன்சிலிங். இரண்டு மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும். வழியில் காணிப்பாக்கம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போக முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். "தாராளமா மேடம். அரை மணி ஸ்டாப். ஒரு மணிக்கெல்லாம் பெங்களூர்" என்றேன். காலண்டரைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சங்கடஹர சதுர்த்தி. காலையில் அவர்கள் வண்டியில் ஏறியதுமே வேஸ்ட்டு அண்ணன் சொல்லியிருக்கிறார்: "இன்னிக்கு ஸ்டாப் வேணாம்மா. கியூ ரோடு வரைக்கும் நிக்கும். வெளிய நின்னே ஒரு கும்புடு போட்டுட்டுப் போய்க்கினே இருக்கலாம்."

அந்த அம்மா எனக்குப் போன் போட்டார். "உங்க டிரைவர் வேணாம்ங்கறாரே?"

மற்ற போனில் வேறொருவர் கத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கமான குரலில் சொன்னேன். "அவர் எப்பவுமே அப்படித்தான் மேடம். அங்க நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார். நேரா உள்ள விட்டுருவாங்க. இருபது நிமிஷம்."

அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது.

இரண்டேகால் மணி நேரம் வரிசையில் நின்றார்கள். பாதியில் வெளியேவும் வர முடியவில்லை. அதற்கப்புறம் அண்ணன் எப்படி ஓட்டினாரோ தெரியாது. பெங்களூரில் அந்தப் பெண் இறங்கி ஓடியபோது மூன்றே கால். அவள் பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லாமல், சீட்டை அடுத்தவருக்குக் கொடுத்து முடித்திருந்தார்கள். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா எழுதிய புகார் ஒன்றரைப் பக்கம். "உங்கள் ஆட்களின் பேச்சை நம்பினோம்" என்று எழுதியிருந்தாரே தவிர, எந்த ஆள் என்று எழுதவில்லை. அந்த இடுக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

"நான் ஸ்டாப் வேணாம்னுதான் சார் சொன்னேன். டிரைவர்தான் கூட்டிட்டுப் போய், வண்டிய எங்கயோ நிறுத்திட்டு போனையும் ஆஃப் பண்ணிட்டார்" என்று ஓனரிடம் சொன்னேன். கூசாமல் வந்தது. ஆறு வருஷப் பயிற்சி.

அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். "நான் வேணாம்னேன். நைனாதான் போவச் சொன்னான்."

ஓனர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. காணிப்பாக்கம் போலாம். ரெண்டு பேரும் பிரமாணம் பண்ணுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயம். குளத்தில் முங்கி, ஈரத் துணியோடு அந்தப் பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்தால் அதற்குமேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்தவன் வீட்டில் நல்லது நடக்காது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். என் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம்.

வண்டியை அண்ணன்தான் ஓட்டினார். ஓனர் முன்சீட்டில். நான் பின்னால், மடியில் ஒரு துண்டும் மாற்று வேட்டியும் வைத்துக்கொண்டு. ஊர்சுற்றப் போகிற மாதிரி ஓனர் வழியெல்லாம் மாம்பழ சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அண்ணன் அடிக்கடி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயில் வாசலில் இறங்கியபோது என் போன் அடித்தது. மாமியார். செக்கப்புக்குப் போன இடத்தில் பிரஷர் அதிகமாக இருக்கிறதென்று மனைவியை உடனே அட்மிட் செய்யச் சொல்லிவிட்டார்களாம். "நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். கோயிலில் இருக்கிறேன் என்றேன். "நல்லா வேண்டிக்குங்க" என்றார்.

போனை வைத்தபோது துண்டு கீழே விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்துத் தட்டிக் கொடுத்தார்.

"இன்னா நைனா?"

சொன்னேன்.

அண்ணன் நேராக ஓனரிடம் போனார்.

"சார், நான்தான் லேட் பண்ணேன். போன ஆஃப் பண்ணிட்டு தூங்கிட்டேன். பையன் மேல தப்பு இல்ல."

ஓனர் திடுக்கிட்டார். "இதை உள்ள வந்து சத்தியமா சொல்லுவியா?"

"சத்தியம் பண்ண ரெண்டு மணி நேரம் கியூவுல நிக்கணும் சார். வேஸ்ட்டு."

ஓனர் அங்கேயே கையை நீட்டினார். அண்ணன் சாவியைக் கொடுத்தார். டிக்கியிலிருந்த தன் டிபன் பாக்ஸையும் துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டார். துணி ஆபீஸுடையது என்று ஞாபகம் வந்து திரும்ப வைத்தார். பிறகு பஸ் நிற்கும் பக்கமாக நடந்து போனார். ஓனர் வண்டியை எடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். வாயைத் திறக்க எனக்கு எழுபது கிலோமீட்டர் இருந்தது. திறக்கவில்லை.

அந்த வாரமே மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். மூன்று வாரம் கழித்து, தூக்கம் வராத கண்ணோடு ஓனர் ரூமுக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் போனேன்.

ஓனர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெலுசய்யா. அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"அவன் பொய் சொல்ற ஆளா? அவனை அனுப்ப ஒரு காரணம் வேணும்னு இருந்தேன். அவனே குடுத்தான். இப்ப ஸ்டார் எல்லாம் எப்படி ஏறியிருக்கு, பாத்தியா?" என்று ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். "நீ போ. போன் அடிக்குது."

வெளியே வந்து போனை எடுத்தேன். "பக்கத்து சிக்னல்ல வந்துட்டார் மேடம்" என்றேன். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதுகூட, இரண்டு வருஷத்தை ஆறு மாதம் என்று குறைத்துச் சொல்லலாமா என்று கை பரபரக்கிறது.

அந்த வேலையை விட்டு வெகுநாள் கழித்து, அண்ணன் பலமனேரில் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார் என்று பழைய டிரைவர் ஒருவர் சொன்னார். ஒரு மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளிக் கிரேட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். சட்டையில் ஊக்கு இல்லை, பட்டனும் இல்லை.

"இன்னா நைனா, இந்த வெயில்ல? பொண்ணா பையனா?" என்றார், நேற்றுப் பிரிந்த மாதிரி.

"பொண்ணுண்ணா. ஸ்கூல் போறா." அப்புறம், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு முழுவதும் மறந்துவிட்டது. "எனக்காக ஏண்ணா பொய் சொன்னீங்க?" என்று மட்டும் வந்தது.

"உன் மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன்." ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தார். "அதுக்கப்புறம் மூணு நாளு எனக்கு சோறு எறங்கல. உன் மேல கோவம் வேற. இங்க வண்டி கெடைக்கறதுக்குள்ள வூட்ல ரொம்பக் கஷ்டம். இல்லன்னு சொன்னா பொய்யாயிடும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர் சொல்லவில்லை.

"துன்னியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த மெஸ்ஸுக்குக் கூட்டிப் போய், ஒரு சாப்பாடு சொல்லி, எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவருடைய வண்டியில் லோடு ஏற்றி முடித்துவிட்டார்கள். வாசலில் வந்து மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் கடைசிப் பருக்கையைச் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.