விட்டர்கோட் சங்கத்தின் ஏழாவது கரண்டி

விட்டர்கோட் வட்டாரத் தொல்பொருள் ஆர்வலர் சங்கத்துக்கு நாற்பத்தொரு உறுப்பினர்களும் பதினான்கு விதிகளும் ஏழு கரண்டிகளும் உண்டு. கரண்டி என்றால் கொத்தனார் சாந்து பூசுகிற அதே கரண்டிதான். அதை வைத்துக்கொண்டு முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி.

விதி ஒன்பதின்படி, புதிதாகச் சேருகிறவர் முதலில் பானை ஓடு கழுவ வேண்டும். எத்தனை நாள் என்று விதியில் இல்லை. கரண்டி வைத்திருப்பவர் காலமானாலோ, முழங்காலை மாற்றிக்கொண்டாலோ அது அடுத்தவருக்கு வரும். விட்டர்கோட்டில் காற்று சுத்தம். யாரும் லேசில் சாவதில்லை.

கிளெனிஸ் பார்ஃபிட் பதினோரு வருஷமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். ஊர் மருந்துக் கடையில் முப்பது வருஷம் புட்டிகளுக்குச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவள். சங்கம் எங்கே தோண்டினாலும், கிடைத்த ஓடுகள் வாளி வாளியாக அவள் வீட்டுக் கார் கொட்டகைக்கு வந்து சேரும். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, செய்தித்தாளில் உலர்த்தி, ஒவ்வொரு ஓட்டின் உள்பக்கத்திலும் கறுப்பு மையால் பொடிப்பொடியாக நம்பர் எழுதுவாள். ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவாள். மருந்துக் கடையில் ஒன்றும் ஏழும் குழம்பினால் ஆள் போய்விடுவான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படி முப்பத்தெட்டு அட்டைப்பெட்டிகள் நிரம்பி மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டன. கொண்டுபோனவர்கள் தலைவரும் செயலாளரும். வழியில் சாப்பிடக் கிளெனிஸ் எலுமிச்சைக் கேக் செய்து கொடுத்தனுப்பினாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. இரண்டாயிரம் வருஷமாக ஒரு கண்ணும் காணாத ஏதாவது ஒன்றை, முதல் ஆளாக, தன் கையால் மண்ணிலிருந்து வெளிக்கொண்டுவர வேண்டும். எல்லோரும் பார்த்து, படம் எடுத்து, கைதட்டி முடித்த பிறகு அழுக்கு மட்டும் தன் வாளிக்கு வருவது அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்த வசந்தத்தில் ரொனால்டு என்ற மூத்த உறுப்பினரின் வலது முழங்காலை மாற்றினார்கள். கிளெனிஸ் மருத்துவமனைக்கு வாங்கிப் போன பூச்செண்டைப் பார்த்து ரொனால்டே கண் கலங்கிவிட்டார். ஏழாவது கரண்டி அவளுக்கு வந்தது.

அதே மாதம் பாதிரியாரின் குதிரை மேயும் புல்வெளியில், மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் கருவியைத் தள்ளிக்கொண்டு போனபோது, நீளவாக்கில் ஒரு செவ்வகம் தெரிந்தது. ஓரமெல்லாம் நேர்கோடு.

"இயற்கைக்கு நேர்கோடு போடத் தெரியாது. ரோமானியனுக்குத் தெரியும். இது கோயில்தான்" என்றார் தலைவர் ஹம்ஃப்ரி ஸ்டாலர்டு. அவர் ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. தொலைக்காட்சியில் தோண்டுகிறவர்கள் அகலமான தோல்தொப்பி போடுகிறார்கள் என்பதால் அவரும் போட்டிருந்தார். அவர் போட்டதால் செயலாளர் டெஸ்மண்டும் போட்டிருந்தார். அந்த ஊரில் வெயில் வருஷத்துக்கு ஒன்பது நாள்.

தோண்டுவதற்கு மாவட்டத் தொல்பொருள் அலுவலரின் அனுமதி வேண்டும். அலுவலர் பியர்ஸ் வாட்லோ முப்பது வயதுக்காரர். விண்ணப்பம் அறுபத்துநாலு பக்கம். அந்த மாவட்டத்தில் இப்போதெல்லாம் பழமையைத் தெரிந்துகொள்வதற்காக யாரும் தோண்டுவதில்லை, மனநலத்துக்காகத்தான் தோண்டுகிறார்கள். முப்பத்தொன்றாம் கேள்வி: 'தோண்டுவதற்கு முன் உறுப்பினர்களின் மகிழ்ச்சி பத்துக்கு எத்தனை?' ஹம்ஃப்ரி எட்டு என்று எழுதினார். ஏற்கெனவே மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்குக் குழி அவசியமில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்று என்று திருத்தி அனுப்பினார்கள். மறுநாளே அனுமதி வந்துவிட்டது.

ஜூன் மாதச் சனிக்கிழமை, தூறல். கிளெனிஸுக்கு ஒரு மீட்டர் சதுரம் ஒதுக்கியிருந்தார்கள். முழங்காலுக்குப் புது மெத்தை வாங்கி வந்திருந்தாள். முதல் மணி நேரத்திலேயே கரண்டி 'கிர்' என்றது.

"தலைவரே! ஓடு! இன்னொன்னு! ஐயோ, இங்க பாருங்க, அள்ள அள்ள வருது!"

"நான் சொல்லல?" ஹம்ஃப்ரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "காணிக்கைக் குழி. சாமிக்குப் பானையா உடைச்சுக் கொட்டியிருக்கான். டெஸ்மண்ட், பத்திரிகைக்குப் போன் போடு!"

கழுவாத ஓட்டைக் கண்டால் கிளெனிஸின் கை சும்மா இருக்காது. ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு, கட்டைவிரலால் துடைத்தாள். உள்பக்கம் நம்பர் தெரிந்தது. 1774. இரண்டு ஏழிலும் குறுக்குக்கோடு.

"தலைவரே, ரோமானியங்க பானைல நம்பர் எழுதுவாங்களா?"

"எழுதலாம். ஏன்?"

"மருந்துக் கடைக்காரி கையெழுத்துல?"

ஹம்ஃப்ரி வாங்கிப் பார்த்தார். பிறகு டெஸ்மண்டைப் பார்த்தார். டெஸ்மண்ட் வேலியைப் பார்த்தார்.

"டேய், வேலிக்கு அந்தப் பக்கம்தானே?"

"நீங்கதான் இந்தப் பக்கம்னீங்க. அன்னிக்கு மழை வேற."

"என்ன அந்தப் பக்கம், இந்தப் பக்கம்?" கிளெனிஸ் எழுந்து நின்றாள்.

"அது வந்தும்மா," ஹம்ஃப்ரியின் குரல் இறங்கியது, "அருங்காட்சியகத்துல இடமில்லன்னு ஒரு கடிதத்தக் குடுத்து வாசலோட திருப்பி அனுப்பிட்டான். உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

"குழில போட்டீங்க."

"மரியாதையாத்தான் போட்டோம். டெஸ்மண்ட் தொப்பியக்கூடக் கழட்டினான்."

"என் கேக்கு?"

"அருமையா இருந்துச்சு. குழியோரமா உக்காந்துதான் சாப்பிட்டோம்."

மண்புழு எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைக்கிற சங்கம், முப்பத்தெட்டுப் பெட்டிகளை எங்கே புதைத்தோம் என்று மட்டும் எழுதிவைக்கவில்லை. எழுதினால் கிளெனிஸுக்குத் தெரிந்துவிடும் அல்லவா. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு யாரையாவது கரண்டியால் சாத்த வேண்டும் போலிருந்தது. கையில் கரண்டி இருந்ததும் அன்றுதான் முதல்முறை. ஆனால் அதற்குள் பியர்ஸ் வந்துவிட்டார்.

"நிறையக் கிடைச்சிருக்கே!" என்றார் பியர்ஸ், குழியை எட்டிப் பார்த்து.

"கிடைக்கல சார். இது நாங்களே புதைச்சது" என்றார் டெஸ்மண்ட்.

"அனுமதி வாங்கின குழிதானே?"

"ஆமா."

"அப்போ இது கண்டெடுப்பு. கழுவி நம்பர் போட்டுருங்க."

"கழுவி நம்பர் போட்டதுதாங்க இது!" என்றாள் கிளெனிஸ்.

"அந்த நம்பர் பொருளோட வரலாறு, அதைத் தொடக்கூடாது. பக்கத்துல புது நம்பர் போடுங்க. எழுத்து எந்தக் காலத்துதுன்னு தெரியுமா?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும். நான்தான் எழுதினேன்."

"ஆதாரம்?"

"நான்தான் சொல்றேனே!"

"அது வாய்மொழித் தகவல். ஆய்வகத்துக்கு அனுப்பிக் கேட்டுருவோம்." பியர்ஸ் கைக்கணினியைத் திறந்தார். "கடைசியா ஒரே ஒரு கேள்வி. இப்போ உங்க மகிழ்ச்சி பத்துக்கு எத்தனை?"

"ஒன்னு."

"மூணுலேருந்து ஒன்னுக்கு இறங்கினதா எழுத எங்ககிட்ட கட்டமே இல்லம்மா" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, ஒன்பது என்று பதிந்துகொண்டார்.

கோடை முழுக்க கிளெனிஸ் தான் கழுவியதையே கழுவினாள். பழைய நம்பருக்குப் பக்கத்தில் புது நம்பர் எழுதினாள். ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: எழுத்து இருபதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது, எழுதியவர் யாரெனச் சொல்வதற்கில்லை. அருங்காட்சியகத்திலிருந்தும் பதில் வந்தது. ஆறு வருஷத்துக்கு முந்திய அதே கடிதம், தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். இடமில்லை.

கடைசியில் பியர்ஸ் 'மறு அடக்க அனுமதி' என்ற ஒன்றை வழங்கினார். முதல் பத்தியே தெளிவாக இருந்தது. குழி தோண்டலாம். புதைப்பதற்கு மட்டுமே தோண்டலாம். மேற்படி குழியில் எதையும் கண்டெடுக்கக் கூடாது.

அக்டோபரில் வேலிக்கு அந்தப் பக்கம் இடம் குறித்தார்கள். கண்டெடுக்க முடியாத குழி என்றதும் மற்ற ஆறு கரண்டிக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கிளெனிஸ் தனியாக மண்வெட்டியை எடுத்தாள். சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க, பளபளக்கும் ரப்பர் பூட்ஸோடு பியர்ஸ் வாசல் கேட்டருகே நின்றார். ஹம்ஃப்ரியும் டெஸ்மண்டும் காரில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி 'டங்' என்றது. கிளெனிஸ் முழங்காலிட்டு ஏழாவது கரண்டியை எடுத்தாள். சுரண்டச் சுரண்ட, பல் அளவுக் கற்கள் வரிசை வரிசையாக வந்தன, சிவப்பு, வெள்ளை, கருநீலம். பையிலிருந்து பல்துலக்கியை எடுத்துத் தேய்த்தாள். ஒரு வால் வந்தது. செதில் வந்தது. பிறகு ஒரு மீனின் கண் வந்து அவளைப் பார்த்தது.

சாமி சத்தியமாக, இவ்வளவு அழகை அவள் பார்த்ததில்லை.

"பியர்ஸ்! இங்க கொஞ்சம் வாங்களேன். ஒரு தரை இருக்கு."

பியர்ஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. "தரைன்னா எப்படிப்பட்ட தரை?"

"ரோமானியத் தரை. பொடிக்கல்லு பதிச்சது. மீன் ஒன்னு என்னையே பார்க்குது."

"நான் வந்து பார்த்தேன்னா அது கண்டெடுப்பா ஆயிரும்மா. கண்டெடுப்பு ஆச்சுன்னா இந்தப் பர்மிட் ரத்து. புது விண்ணப்பம், பதினெட்டு மாசம். அதுவரைக்கும் பெட்டியெல்லாம் உங்க கொட்டகைலதான். யோசிச்சுச் சொல்லுங்க. என்ன இருக்கு அங்க?"

கிளெனிஸ் யோசித்தாள். பதினெட்டு மாதம் கழித்து ஹம்ஃப்ரி தோல்தொப்பியோடு இதே இடத்தில் முழங்காலிடுவார். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். 'தலைவர் கண்டெடுத்த கோயில்' என்று போடுவார்கள். பிறகு கற்களைப் பெயர்த்து வாளியில் போடுவார்கள். இரண்டு லட்சம் கற்களாவது தேறும். அத்தனையையும் கழுவி, அத்தனைக்கும் நம்பர் எழுத வேண்டும். அதன் பிறகு அருங்காட்சியகத்தில் இடம் இருக்காது.

"ஒன்னும் இல்ல" என்றாள். "வெறும் மண்ணு."

"நல்லதும்மா" என்றார் பியர்ஸ், உண்மையான நிம்மதியோடு.

அவள் அவசரப்படவில்லை. பிளாஸ்கைத் திறந்து, மீனுக்கு எதிரே குந்தி, ஒரு கோப்பைத் தேநீரை முழுசாகக் குடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்தாள். பிறகு விரலால் சலித்த பொடி மண்ணை மேலே பரப்பினாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். குழியை மூடினாள்.

ஏழாவது கரண்டியை அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சங்கம் அவளுடைய தியாகத்தைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. போன தடவை செய்த தவறு இனி நடக்கக் கூடாது என்று வரைபடம் ஒன்றும் தயாரித்தார்கள். பொடி எழுத்து நன்றாக வரும் என்பதால் வரைந்தவள் கிளெனிஸ். பெட்டி கிடக்கும் இடத்தை மட்டுமல்ல, சுற்றிலும் ஒரு ஏக்கரைத் தாராளமாகக் கோடு போட்டு அடைத்து, 'சங்கத்தின் பழைய பெட்டிகள் மட்டும். எக்காலத்திலும் தோண்ட வேண்டாம்' என்று எழுதினாள். ஹம்ஃப்ரி கையெழுத்துப் போட்டார், டெஸ்மண்ட் போட்டார், பியர்ஸ் மாவட்ட முத்திரை குத்தினார்.

அடுத்த வசந்தத்தில் கருவியை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்த டெஸ்மண்ட் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தலைவரே, சுவர் தெரியுது! நாலு அறை, நடுவுல முற்றம், எல்லாம் நேர்கோடு!"

ஹம்ஃப்ரி வரைபடத்தைப் பிரித்து, கோடு போட்ட ஏக்கரின் மேல் விரலை வைத்தார். ஒரே பெட்டிகளால் இரண்டு முறை ஏமாறுகிற ஆளா அவர்?

"அது நம்ம கிளெனிஸோட பெட்டிடா. முட்டாள், பேசாம வா." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்ன கிளெனிஸ்ம்மா, சரிதானே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தலைவரே" என்றாள் கிளெனிஸ், வாளியில் தண்ணீர் பிடித்தபடி.