வறண்ட கண்ணுக்குத் தண்ணீர் லென்ஸ்

என்னை ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடாதவர்கள் எங்கள் ஆட்டையாம்பட்டியில் இரண்டே வகை: இன்னும் பேச்சு வராத குழந்தைகள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம், “பையன் நல்ல பையந்தானுங்க, அந்தக் கண்ணாடிதான்...” என்று இழுத்தார்கள். (இழுத்தவர்கள் யாரும் திரும்பப் போன் செய்ததில்லை.)

அப்போதுதான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தது. பெண் பெயர் நித்யா. போட்டோவைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன், இந்த வீட்டுக்குக் கண்ணாடியோடு போவதில்லை என்று.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். எடுத்தால், அப்பளம் போல மொடமொடவென்று வந்தது. கோடையில் பனமரத்துப்பட்டி ஏரிகூட அதைவிட ஈரமாக இருக்கும்.

“கண்ணு ரொம்பக் காஞ்சிருக்குதுங்க. சொட்டு மருந்து விட்டு, சரியானப்புறம் லென்ஸ் பார்க்கலாம்.”

“அதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல கல்யாணமே ஆயிருமுங்க மேடம்!”

டாக்டரம்மா மனமிரங்கி, காலையில் போட்டு மாலையில் எறிந்துவிடும் ரகம் ஒன்றைச் சொன்னார். அதையும் கொஞ்ச நேரம்தான் போடலாமாம். அம்மா அதிர்ந்துபோனார்.

“ஏனுங்க, ஒரு தடவ போட்டுட்டு எறியறதுக்கு அதென்ன வாழை எலையா?”

எனக்கு அதற்குள் வேறொரு டப்பாவில் கண் போய்விட்டது. மாதக்கணக்கில் போடலாம், நீர்ச்சத்து வேறு அதிகமாம். காய்ந்த காட்டுக்குத் தண்ணீர் விட்டால் நல்லதுதானே? விவசாயி வீட்டு மூளை வேறெப்படி யோசிக்கும்!

“அப்படி இல்லீங்க,” என்றார் டாக்டரம்மா. “அந்த லென்ஸ் காஞ்சா, உங்க கண்ணுல இருக்கற தண்ணியையும் உறிஞ்சிக்கும்.”

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு எங்கள் கிணற்றை வற்றவைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனாலும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, வேறொரு கடைக்குப் போய் தண்ணீர் லென்ஸையே வாங்கினேன். டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தையும் என் பழைய கண்ணாடியையும் அம்மா தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். (“எதுக்கும் இருக்கட்டும் சாமி.”)

பெண் பார்க்கும் நாள். காரில் முன் சீட்டில், ஏசிக் காற்று முகத்தில் அறைய, மாப்பிள்ளை மிடுக்கோடு உட்கார்ந்து போனேன். இறங்கும்போதே கண்ணில் மணல் லாரி கவிழ்ந்தது போல இருந்தது. பெண் வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். பண்ணையில் வைக்கிற பெரிய ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்தார்கள்.

நித்யா காபித் தட்டோடு வந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். மடை திறந்துவிட்டது! வறண்ட கண் எரிந்தால் தாரை தாரையாக ஊற்றும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.



“தம்பிக்கு இஷ்டமில்லீங்களாட்ட இருக்குது,” என்றார் பெண்ணின் அப்பா.

“ஐயோ, ரொம்ப இஷ்டமுங்க!” என்று விசும்பினேன்.

“மனசுல வேற யாரோ இருக்கறாங்க, பாவம்,” என்றது அத்தை முறையில் ஒரு குரல்.

பெண்ணின் அப்பா எழுந்து வந்து, குனிந்து என் கண்ணை உற்றுப் பார்த்தார். முகத்தில் தொழில் கவலை படர்ந்தது.

“இப்படிக் கண்ணு செவந்து தண்ணி ஊத்துனா, நாங்க உடனே தனியா புடிச்சு வெச்சுருவோமுங்க.”

“யாரைங்க?”

“கோழியைங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. என்னைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிப்போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்காரவைத்தார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நான் நிஜமாகவே அழத் தொடங்கினேன்.

அப்போது நித்யா வெளியே வந்தாள்.

“லென்ஸ் போட்டிருக்கறீங்ளா?”

“ஆமாங்க.”

“கையக் கழுவீட்டு மொதல்ல அதைக் கழட்டுங்க.”

ஒருவழியாகக் கழற்றினேன். அம்மா ஓடிவந்து கொடுத்த மருந்தை விட்டேன். முதல் சொட்டு மீசையில் விழுந்தது; இரண்டாவது காதில். நித்யா பொறுமையிழந்து பாட்டிலைப் பிடுங்கினாள். என் தாடையை இரண்டு விரலில் பிடித்து அண்ணாத்தினாள். இந்தக் கண்ணில் ஒரு சொட்டு, அந்தக் கண்ணில் ஒரு சொட்டு. அத்தைக் குரல் “அடி ஆத்தா!” என்று அலறியது. நித்யா என் தலையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“அடுத்தது!”

பண்ணையில் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்தைக் கண்ணில்தான் விடுவார்களாம். வருஷக்கணக்கான பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீடே குலுங்கிச் சிரித்தது. நான் அம்மாவிடமிருந்து கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அவளை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இதே நல்லாத்தான இருக்குது,” என்றாள். “இதை எதுக்குங்க கழட்டுனீங்க?”

யாரும் அதற்குப் பிறகு எதையும் இழுக்கவில்லை. தையில் கல்யாணம்.

இப்போதும் எனக்குச் சொட்டு மருந்து விடுவது நித்யாதான். விட்டு முடித்ததும் “அடுத்தது!” என்பாள், எங்கள் மகள் ஓடிவந்து அண்ணாந்து நிற்பாள். மாமனார் வீட்டில் நான் காலடி வைத்ததும் மாமனார் செய்யும் முதல் வேலை, ஃபேனை நிறுத்துவது. நாமக்கல் வெயிலில் எனக்கு வேர்த்து, நெற்றியிலிருந்து கன்னத்தில் வழியும்.

உள்ளேயிருந்து அத்தைக் குரல் தவறாமல் கேட்கும்: “மாப்ள மறுக்காவும் அழுகறாரா?”