குருவம்மாவின் கைரேகை

ஒரு காட்டில், விவசாயிகளுக்கு உதவித்தொகை என்று ஒன்று வருவதற்கு முன்பு, விவசாயம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பின்தங்கிய காலத்தைப் பற்றி நமக்குப் பேச்சு வேண்டாம்.

அங்கே ஓடைக்கரையில் குருவம்மா என்ற முயல் அரை ஏக்கரில் நிலக்கடலை போட்டுவந்தாள். போன வருஷம் சடையப்பன் என்ற காட்டுப்பன்றி புகுந்து, விதைக்கு எடுத்துவைத்ததையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போனான். ஆடி மழைக்குள் விதை கிடைக்காவிட்டால் நிலம் தரிசுதான். அந்த நேரம் பார்த்து ராஜா சிங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. உழைக்கும் விவசாயிக்கு ஒரு மூட்டை விதைக்கடலை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். குருவம்மா பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிராம அலுவலகத்துக்கு ஓடினாள். முயல்கள் புத்திசாலிகள் என்று கதைகளில் படித்திருப்பீர்கள். அந்த அலுவலகத்தில் புத்திக்குத் தனி ஜன்னல் கிடையாது.

அதிகாரி நல்லமுத்து ஓர் உடும்பு. நாற்காலியைப் பிடித்தால் விடமாட்டார். காகிதமெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கைரேகை மெஷினில் விரலை வைக்கச் சொன்னார். மெஷின் சிவப்பு காட்டியது. அடுத்த விரலுக்கும் சிவப்பு. மண்ணைத் தோண்டித் தோண்டி அவளுக்கு ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

"ரேகையே இல்லாம நீ விவசாயின்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார் நல்லமுத்து. நாளைக்கு வந்தால் சர்வர் நன்றாக இருக்கும் என்று அனுப்பிவைத்தார்.

அவள் விரலில் எண்ணெய் தடவினாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். பதினெட்டு நாள் வரிசையில் நின்றாள். பதினெட்டு நாளும் சிவப்பு.

பத்தொன்பதாம் நாள் ஆய்வு. வயலில் இறங்கி வேலை செய்கிறவரே பயனாளி என்பது விதி. பருந்து மேலே பறந்து படம் எடுத்தது. குருவம்மா அப்போது அலுவலக வரிசையில் ஏழாவதாக நின்றாள். அவள் வயலில் சடையப்பன் நின்றான். மிச்சக் கடலை ஏதாவது அகப்படுமா என்று மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். படம் பிரமாதமாக வந்திருந்தது.

அவனைக் கூட்டிவந்து குளம்பை வைக்கச் சொன்னார்கள். ஒரு நாளும் வேலை பார்க்காத குளம்பு, முதல் தடவையே பச்சை. குருவம்மா நிலத்தின் அடங்கலில், பயிர் செய்கிறவர் என்று அவன் பெயர் ஏறியது. சிங்கம் சால்வை போர்த்தி, முன்னோடி விவசாயி என்றது. விதைக்கடலையை அவன் அன்று சாயங்காலமே தின்று முடித்தான். பிறகு, விதைத்தது முளைக்கவில்லை என்று இழப்பீடு கேட்டு எழுதிக்கொடுத்தான். அதுவும் வந்தது.

குருவம்மா வயிறு எரிந்து நியாயம் கேட்கப் போனாள். நல்லமுத்துவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"பத்தொன்பது நாளா நீ இங்கதான் நின்ன. கேமராவுல பதிவாயிருக்கு. வயல்ல வேலை இருக்கிறவ ஆபீஸ்ல வந்து நிப்பாளா?"

அவளுக்கு அழுகைதான் வந்தது. ஆடி மழை பெய்துகொண்டிருந்தபோது அவள் கரடியின் டீக்கடையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் மண்ணைத் தொடவில்லை. ஒருநாள் அலுவலகத்துக்கு டீ கொண்டுபோனவள், மேசையில் அந்த மெஷினைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் விரலை வைத்தாள்.

பச்சை.

நல்லமுத்து மனசார சந்தோஷப்பட்டார். நல்ல அதிகாரிதான், விதிப்படி நடக்கிறவர். உடனே புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"பாத்தியா, பொறுமையா இருந்தா எல்லாம் நடக்கும். இப்ப நீ விவசாயிதான், சந்தேகமே இல்ல. சொல்லும்மா, உன் நிலம் எங்க இருக்கு?"

நீதி: விவசாயி என்று நிரூபிக்க விரும்புகிறவர் முதலில் விவசாயத்தை விட்டுவிட வேண்டும்.