துத்தநாகத் திருடன்

மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கிய படகுக்காரர், படகின் அடியைத் தடவிப் பார்த்தார். போன மாதம் மாட்டிய துத்தநாகக் கட்டி, உள்ளங்கை அளவிலிருந்து கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

உப்புத் தண்ணீர் படகின் உலோகத்தைச் சும்மா விடாது. அதற்குத் தின்னக் கொடுக்கத்தான் இந்தக் கட்டி. இது தீர்ந்தால் அடுத்தது புரொப்பல்லர். மாதக் கடைசியில் படகைக் கரையேற்றிப் பார்க்க அதிகாரி வருகிறார். புரொப்பல்லர் அரித்திருந்தால் பயணிகளை ஏற்றும் உரிமம் போய்விடும். படகை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இரண்டு கட்டி மாட்டினார். பத்தே நாளில் பாதி காணோம்.

பக்கத்துப் படகு மனைவியின் அண்ணனுடையது. அந்த மனிதர் கட்டியே மாட்டுவதில்லை. "என் படகோட ராசி அப்படி மாப்ளே" என்று காலை நீட்டிப் படுத்திருப்பார். துறைமேடைக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, அவருடைய குளிர்பெட்டி நாள் முழுக்க ஓடும்.

படகுக்காரருக்குப் பொறி தட்டியது. மச்சான்தான் பொறாமையில் முங்கி, அரம் போட்டு ராவுகிறார். வீட்டில் போய் அப்படியே சொன்னார்.

"எங்க அண்ணன் குளிக்கவே தண்ணியில எறங்க மாட்டார். அவர் முங்கி ராவுறாராக்கும்?" என்றாள் மனைவி.

மூன்று கட்டி மாட்டிவிட்டு, படகிலேயே காவலுக்கு உட்கார்ந்தார். பேட்டரி சார்ஜ் ஏற தினம் ஒரு மணி நேரம் மட்டும் அதே கம்பத்தில் செருகும் பிளக், இப்போது மின்விசிறிக்காக நாள் பூராவும் செருகியே கிடந்தது. கண் இமைக்காமல் மச்சானையே பார்த்தார். மச்சான் அசையவில்லை. கட்டிகளோ முன்னைவிட வேகமாக இளைத்தன.

அதிகாரி வந்தார். இரண்டு படகும் கரையேறின. படகுக்காரரின் கட்டிகள் வெறும் தகடாகியிருந்தன. புரொப்பல்லரில் புள்ளி விழத் தொடங்கியிருந்தது. ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் உரிமம் ரத்து என்று எழுதிய அதிகாரி, மச்சானின் புரொப்பல்லரைப் பார்த்து அசந்து நின்றார். அது பளபளவென்றிருந்தது.

"படகைப் பராமரிக்கிறதுன்னா இப்படிப் பராமரிக்கணும்" என்று மச்சானின் கையைக் குலுக்கினார். படகுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

கம்பத்தில் இரண்டு படகின் ஒயரையும் சுருட்டிக்கொண்டிருந்த துறைமேடை எலக்ட்ரீசியன் திரும்பி, படகுக்காரரைக் காட்டினார்.

"ஆளை மாத்திக் கை குடுத்துட்டீங்க சார். ரெண்டு படகோட உலோகமும் ஒரே எர்த் ஒயர்ல சேந்து கெடக்கு. இவர் பிளக் செருகினப்பல்லாம், இவர் கட்டிதான் மச்சான் படகுக்கும் சேத்துக் கரைஞ்சிருக்கு."