விர்ஜில் ஹாஸ்கெட் காலமானார்

“நீங்க மார்ச் மாசமே செத்துப்போயிட்டீங்க, விர்ஜில். செத்தவங்க வேட்புமனு கொடுக்க முடியாது,” என்று சொல்லிவிட்டு, தேர்தல் அலுவலர் டார்லின் தன் டோனட்டை மீண்டும் கடித்தாள்.

விர்ஜில் ஹாஸ்கெட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒஹையோ ஆற்றங்கரையில் அமைந்த பிரிஸ்டோ மாவட்டத்தின் மரண விசாரணை அதிகாரி அவர். ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர். அம்மாவட்டத்தில் வயலிலோ சாலையிலோ யார் விழுந்து கிடந்தாலும், அவர் வந்து பார்த்துக் கையொப்பமிட்ட பின்னரே அம்மனிதர் முறைப்படி இறந்தவராவார். ஆறாம் முறை போட்டியிட, அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் அவர் மனுக் கொடுத்தாக வேண்டும். மனுக் கொடுப்பவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருத்தல் வேண்டும். அவர் பெயரோ அதில் இல்லை.

“டார்லின், என்னை நல்லாப் பாரு. செத்தவன் மாதிரியா இருக்கேன்?”

“அதச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல. மரண விசாரணை அதிகாரிதான் சொல்லணும்.”

“நான்தானே அது!”

“இருந்தீங்க,” என்று அவள் வருத்தத்துடன் திருத்தினாள்.

“தினமும் என்னோட காபி குடிக்கிறவதானே நீ? பேரை எடுக்கும்போது யோசிக்க வேணாமா?”

“காபி குடிக்கிறவங்களுக்குச் சட்டத்துல விலக்கு இல்ல. வீட்டுக்குக் கடிதாசி போட்டோம். பதில் வரல.”

“எந்தக் கடிதாசியும் என் கைக்கு வரல!”

வாக்காளர் பட்டியலைப் பிழையின்றிப் பேணுதற்கென்று மாநிலச் சட்டமன்றம் சென்ற குளிர்காலத்தில் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஒருவர் இறந்துவிட்டார் என்று அதிகாரியோ உறவினரோ கையொப்பமிட்டுத் தெரிவித்தால், அப்பெயரை உடனே நீக்கவேண்டும். நீக்காத அலுவலருக்கு அபராதம் உண்டு. தெரிவித்தவர் யாரென்று வெளியே சொன்னால் அதற்கும் அபராதம் உண்டு. அச்சட்டம் நிறைவேறியபோது ஊர் விருந்தொன்றில் எழுந்து நின்று கைதட்டியவர் ஒருவரே. அவர் விர்ஜில்.

அவர் தம் அலுவலகத் தாளொன்றை எடுத்து, ‘விர்ஜில் ஹாஸ்கெட் என்பாரைப் பரிசோதித்தேன், உயிருடன் உள்ளார்’ என்றெழுதிக் கையொப்பமிட்டு நீட்டினார்.

டார்லின் படித்தாள். அவள் முகம் வெளிறிற்று.

“செத்தவர் கையெழுத்து செல்லாதே! அப்படின்னா மார்ச்லேர்ந்து நீங்க கையெழுத்துப் போட்ட எந்தச் சாவும் செல்லாது.” அவள் விரல்கள் கணினியில் பறந்தன. “விவசாயி ஓட்டோ கிளம்ப், திரும்பப் பட்டியல்ல. வீலர் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும், பட்டியல்ல...”

“ஓட்டோவ டிராக்டருக்கு அடியிலேர்ந்து நான்தான் இழுத்தேன்!”

“செத்தவர் எப்படி இழுப்பார்?”

“அப்ப ஓட்டோவுக்கு ஓட்டு இருக்கு, எனக்கு இல்லையா?”

“அவர் மனுகூடக் கொடுக்கலாம். பன்னிரண்டுக்குள்ள வந்தா.”

விர்ஜில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். டார்லின் அதை வாங்கி, இழுப்பறையிலிருந்த கத்தரிக்கோலால் ஒரு மூலையைப் பணிவுடன் வெட்டினாள்.

“செத்தவர் லைசென்ஸ் நடமாடக் கூடாது. காரை இங்கேயே விட்டுட்டுப் போங்க.”

இனி ஒரே வழிதான் இருந்தது. அதிகாரி இறந்தால் துணை அதிகாரியே அதிகாரியாவார். அவர் சொன்னால் செல்லும். துணை அதிகாரி லோவெல், விர்ஜிலின் மனைவிக்குத் தம்பி. எதிர்த் தெருவில் ஈமச்சடங்கு நிலையம் நடத்துபவர். அழைத்ததும் கறுப்புக் கோட்டுடன் வந்தார். அக்கா கணவரின் மணிக்கட்டில் இரு விரல்களை வைத்துக் கண்களை மூடினார்.

“சீக்கிரம்டா!”

“இருங்க மாமா. இந்தத் தொழில்ல அவசரப்பட்டா கெட்ட பேரு.” சற்று நேரங்கழித்து, “உயிர் இருக்கற மாதிரிதான் தெரியுது,” என்றார்.

“மாதிரியா?”

“சரி, இருக்கு.” லோவெல் கையொப்பமிட்டார்.

“வாழ்த்துகள் லோவெல்!” என்றாள் டார்லின். “கையெழுத்துப் போட்டதால இப்ப நீங்கதான் அதிகாரி. விர்ஜில், ஆபீஸ் சாவி?”

விர்ஜில் சாவியை ஏறத்தாழ எறிந்தார். “என் பேரைச் சேரு!”

“உயிர் இருக்குன்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா செத்ததா எழுதிக் கொடுத்தவங்க நேர்ல வந்து வாபஸ் வாங்கணும். அதுவரைக்கும் நீங்க உயிரோட இருக்கற செத்தவர்.”

விர்ஜில் லோவெல் பக்கம் திரும்பினார். “நீதானே அது? என் நாற்காலி மேல உனக்கு ஆசை!”

“எனக்கா? பொணத்தப் பார்த்தாலே எனக்கு வயித்தக் கலக்குது மாமா. அப்பா வெச்ச கடைன்னு உட்கார்ந்திருக்கேன்!”

டார்லின் யாரையோ தொலைபேசியில் மெல்லிய குரலில் அழைத்தாள். “வர்றாங்களாம்,” என்றாள். நீதிமன்றக் கோபுரத்துக் கடிகாரத்தில் பன்னிரண்டாகச் சில நிமிடங்களே இருந்தன.

“வரட்டும்! எவனா இருந்தாலும் அவன் சாவுக்கு நானே கையெழுத்துப் போடறேன்!”

“அது செல்லாது,” என்றாள் டார்லின்.

கதவு திறந்தது. உள்ளே வந்தவள் விர்ஜிலின் மனைவி பெர்னடீன்.

“பெர்னடீன்! நல்ல நேரத்துல வந்தே! நான் உயிரோடதான் இருக்கேன்னு இவகிட்டச் சொல்லு!” என்று விர்ஜில் ஏறக்குறைய அழுதார்.

பெர்னடீன் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் வழியே கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“வாபஸ் வாங்கத்தான் வந்திருக்கேன் டார்லின், ஆனா மணி பன்னிரண்டு அடிக்கட்டும், ஊர்ல எவன் செத்தாலும் பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடற மனுஷன், தானே செத்த பிறகாவது ஒரு வேளை முழுசா உட்கார்ந்து சாப்பிடறாரான்னு பார்ப்போம்.”