பதினேழாம் நம்பர் மக்காச்சோளம்

ஆராய்ச்சி மாணவன் தன் ஆராய்ச்சியைப் பற்றி வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசக் கூடாது. பேசித்தான் தீர வேண்டும் என்றால் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு பேச வேண்டும். நான் கட்டிக்கொள்ளவில்லை. அதனால் எனக்கு டாக்டர் பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போனது.

எழுபதுகளின் கடைசி. கல்கத்தாவில் லேக் பக்கம் எங்கள் வீடு. எனக்கு இருபத்தாறு வயது, தாவர மரபியலில் ஆராய்ச்சி, தன்னடக்கம் சுத்தமாகக் கிடையாது. மரபணுக்கள் எல்லாம் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருப்பவை அல்ல. சில துண்டுகள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும். மக்காச்சோளத்தில் அப்படி ஒன்று நிறம் தரும் மரபணுவுக்குள் போய் உட்கார்ந்தால் மணி வெளுத்துவிடும். மணி வளரும்போதே அது கிளம்பிவிட்டால் அங்கங்கே ஊதாப் புள்ளி விழும். சில சமயம் அது கிளம்பாமலும் அழியாமலும் அப்படியே தூங்கிவிடும். தலைமுறை கடந்து விழித்துக்கொள்வதும் உண்டு. அதை எது தூங்க வைக்கிறது, எது எழுப்புகிறது என்பது என் கேள்வி. (“தூங்கறதைப் பாக்கறதுக்காடா ஸ்காலர்ஷிப் தரா?” என்பது அம்மாவின் கேள்வி.)

மூன்று வருட உழைப்பில் உருப்படியாகத் தேறியவை மூன்று கதிர்கள். இரண்டில் புள்ளிகள். மூன்றாவது, பதினேழாம் நம்பர், புள்ளியே இல்லாமல் வெளுப்பாக இருந்தது. தூங்குகிற துண்டு இருந்தது அதில்தான். துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் அந்த மணிகளை விதைத்து, யார் விழிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என் கடைசி அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கதிரில் இருந்தது. வேறு விதை கிடையாது.

பூஜைக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே எலிகள் மட்டும் லீவு எடுக்காது. அதனால் மூன்று கதிர்களையும் காக்கிக் கவர்களில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு செடியின் மகரந்தம் விழாமல் இருக்க, வயலில் கதிர்களுக்கு நாங்கள் மாட்டும் கவர் அது. நல்ல கெட்டித் தாள். கூடவே இரண்டு டஜன் காலிக் கவர்களையும் அள்ளிக்கொண்டு வந்தேன், அம்மாவின் நவராத்திரித் தாம்பூலத்துக்கு. (யாரிடமும் சொல்லாதே என்றேன். அம்மா வந்தவர்களிடமெல்லாம், “எம்பிள்ளை லேப்லேர்ந்து கொண்டு வந்தான்” என்று காட்டினாள்.)

அன்று சாயங்காலம் கொலு பார்க்கக் கூட்டம். வாசல் அறைக் கட்டிலில் தாம்பூலக் கவர்கள் வரிசையாக இருந்தன. அதே கட்டிலில், தலைமாட்டில், என் கவர்கள். டாக்குரியாவிலிருந்து ராஜம் மாமி வந்திருந்தாள், கூடவே பாங்கு அதிகாரியான அவள் கணவரும். மாமா பாவம், மரியாதைக்காக, “என்னப்பா படிக்கறே?” என்று கேட்டுவிட்டார்.

நான் ஆரம்பித்தேன். அம்மா உள்ளேயிருந்து, “கட்டில்ல இருக்கற கவரை ஆளுக்கு ஒண்ணு குடுடா” என்றாள். வாய் மாமாவிடம், கை பெண்களிடம். “ஒரு துண்டு இங்கேர்ந்து கிளம்பி அங்க போயிடும் மாமா, எங்க போய் விழும்னு யாராலயும் சொல்ல முடியாது” என்று சொல்லிக்கொண்டே கவர்களை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

மறுநாள் காலை அம்மாவின் அலறல் கேட்டது. “மூணு தாம்பூலம் மீந்திருக்கேடா! மூணு பேரை வெறுங்கையோட அனுப்பிட்டியே!”

வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. தலைமாட்டிலிருந்த என் கவர்களைத்தான் முதல் மூன்று பேருக்கு எடுத்துக் கொடுத்திருந்தேன்; அவர்கள் யார் என்று நினைவிருந்தது. அம்மாவுக்குத் தாம்பூலம் போகாத கவலை. மூன்று கவர்களையும் பையில் போட்டு, “மன்னிப்புக் கேட்டுட்டு, குங்குமத்தோட சேத்துக் குடு” என்று அனுப்பினாள். அஷ்டமி நாள். தெருவுக்குத் தெரு பந்தல், டாக் மேளம், நகராத கூட்டம். பஸ்ஸை நம்பாமல் நடந்தேன்.

முதல் வீட்டு மாமி வாசலிலேயே கதிரை நீட்டினாள். “புள்ளி புள்ளியா அழுகியிருந்ததுப்பா. சொன்னா அம்மா வருத்தப்படுவாளேன்னு சும்மா இருந்தேன்” என்றாள். இரண்டாவது வீட்டில் என் கதிர், கொலுவில் செட்டியார் பொம்மையின் கடையில் சரக்காக இருந்தது. “கொலுல வெச்சதை நடுவுல எடுக்கப்படாது. விஜயதசமி கழிச்சு வா” என்று சொல்லிவிட்டாள். சரி, அது அங்கே பத்திரம். புள்ளி இருந்ததால் அவை இரண்டும் பிழைத்தன. பதினேழோ பார்க்க நல்ல பிள்ளையாக இருந்தது. அதுதான் என் பயம்.

ராஜம் மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். “ஸ்டவ்வை அணைச்சுட்டு வரேன்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாமி கதவைத் திறந்து, தாம்பூலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உட்காரச் சொன்னாள்.

வந்ததும் வராததுமாக, “நேத்திக்குக் குடுத்ததைத் திருப்பிக் குடுங்கோ” என்று எப்படிக் கேட்பது? காபி வந்தது. ஒரு தட்டில் சூடான பொரி வந்தது, உப்பும் மிளகுப்பொடியும் தூவி. மூன்று மைல் நடந்த பசி. தட்டைக் காலி செய்தேன். இன்னொரு தட்டு வந்தது. அதையும் காலி செய்தேன். பிரமாதம் என்றுகூடச் சொன்னேன். பிறகு மெதுவாக, “மாமி, நேத்திக்கு ஒரு கவர்...” என்று இழுத்தேன்.

“அதைத்தானேடா இப்போ சாப்ட்டே!” என்றாள் மாமி. “பாக்க வெள்ளையா, சுத்தமா இருந்தது. ஆனா கவர்ல பதினேழுன்னு எழுதியிருந்ததே, அது என்ன விலையா?”

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். மாமி பதறிப்போய், பொரி காரமா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய் வாணலியைக் கொண்டுவந்தாள். அடியில் பொரியாத மணிகள் கொஞ்சம் கிடந்தன. இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். பதினொன்று.

என் பேராசிரியர் வங்காளி, அதிர்ந்து பேசாத மனிதர். பதினொரு மணிகளையும் உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தார். “எண்ணெயில் வேறு போட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

விதைத்ததில் இரண்டு முளைத்தன. அதில் ஒரு செடியின் கதிரில் ஊதாப் புள்ளிகள்! தூங்கியது விழித்துவிட்டது. ஆய்வேட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, விதைகளுக்கு வெப்பச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“வெப்பம் எழுப்பியிருக்கலாம். நல்ல யோசனை. என்ன வெப்பநிலை? எவ்வளவு நேரம்?”

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். நான் உண்மையைச் சொன்னேன். வாணலி, மூடி, எண்ணெய், விருந்தாளி கதவைத் தட்டும் வரை.

பரிசோதகர் சிரிக்கவில்லை. இன்னொரு வருடம் முறையாகச் செய்துவிட்டு வரச் சொன்னார். முளைத்த இரண்டில் விழிக்காத செடியின் மணிகளை எல்லா வெப்பநிலையிலும் சுட்டுப் பார்த்தேன். தூங்கியவை தூங்கின, வெந்தவை வெந்தன. ஒன்றுகூட விழிக்கவில்லை. கடைசி அத்தியாயம் ஒரே வாக்கியமாகச் சுருங்கியது: ஒரு செடியில் மட்டும் மீண்டும் செயல்பட்டது, காரணம் தெரியவில்லை. பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

ராஜம் மாமிக்குக் காரணம் தெரியும். என் கல்யாணத்தில், என் பெண்ணின் கல்யாணத்தில், போன மாதம் ஒரு சீமந்தத்தில், புதிதாக யாரைப் பார்த்தாலும் என்னைச் சுட்டிக்காட்டிச் சொல்வாள்: “இவன் டாக்டர் ஆனதே என்னாலதான். சரியான பதத்துல ஸ்டவ்வை அணைச்சது யாராம்?”

நாற்பது வருடம் செடிகளை ஆராய்ந்துவிட்டேன். மாமி சொல்வது தப்பு என்று நிரூபிக்க இன்றுவரை என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை.